ஊறப்போட்ட உளுந்தும் திடீர் விருந்தும்: அன்றாட வாழ்வில் திட்டமும் தன்னெழுச்சியும்

1. கேள்வி

இரவு எட்டு மணிக்கு அழைப்பு மணி அடிக்கிறது. வாசலில் சித்தப்பாவும் சித்தியும். பக்கத்துத் தெருவில் ஒரு வரவேற்புக்கு வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போனால் எப்படி என்று ஏறி வந்திருக்கிறார்கள். "சொல்லாம கொள்ளாம வந்துட்டோம்" என்று சித்தி தயங்க, "அதனால என்ன, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் முந்திக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் தோசைக்கல் காய்ந்துவிடுகிறது. வரவேற்பில் சரியாகச் சாப்பிட முடியாத கதையில் தொடங்கிய பேச்சு பத்தரை மணி வரை நீள்கிறது.

யாரும் எதையும் திட்டமிடவில்லை, இருந்தும் மாலை இனிதாகக் கழிந்தது என்று கூடத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றும். சமையலறையில் நிற்பவருக்கு அப்படித் தோன்றாது. அந்தத் தோசைக்கான அரிசியும் உளுந்தும் முந்தைய நாள் மதியமே ஊறப்போடப்பட்டவை.

திட்டமிட்டு வாழ்வதா, போகிற போக்கில் வாழ்வதா என்ற பழைய கேள்வி பெரும்பாலும் ஒரு தராசுக் கேள்வியாகவே கேட்கப்படுகிறது. ஒரு தட்டில் கட்டுப்பாடு, மறு தட்டில் சுதந்திரம். இரண்டையும் சமன்செய்தால் போதும் என்பது கிடைக்கும் பதில். அந்தத் தராசையே இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது. 'திட்டம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறோம். எந்த மணிக்கு எதைச் செய்வது என்று முன்னதாகவே பூட்டிவிடுவது ஒன்று. இதை நிரல் எனலாம். எப்போது, யாருக்கு, எதற்கு என்று தெரியாமலேயே பொருளையும் பழக்கத்தையும் நேரத்தையும் சேர்த்து வைப்பது மற்றொன்று. இதை இருப்பு எனலாம். தன்னெழுச்சி நிரலோடு மோதுகிறது, இருப்பை உண்டு வாழ்கிறது. அந்த இருப்பைச் சேர்ப்பவர் யார் என்பது இதன் தொடர்ச்சியாக எழும் கேள்வி.

2. இதுவரையான புரிதல்

திட்டத்தின் பக்கம் நிற்பவர்களுக்குத் தமிழிலேயே நீண்ட மரபு உண்டு. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனை முன்வைத்து எழுதப்பட்டவை. அதே நூலின் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கும் தனி அதிகாரம் இருக்கிறது. விருந்து என்ற சொல்லின் பழைய பொருளே புதுமை, புதிதாக வந்தவர் என்பதுதான். புதுவகையில் பாடப்படும் செய்யுளைத் தொல்காப்பியம் விருந்து என்றே அழைக்கிறது. வடமொழியின் 'அதிதி'க்கும் திதி பார்க்காமல், நாள் குறிக்காமல் வருபவர் என்று மரபான விளக்கம் ஒன்று உண்டு. ஆக, முன்கூட்டித் தெரியாத வருகைக்கு ஆயத்தமாக இருப்பதும் ஒரு கடமையாகவே எண்ணப்பட்டது. எண்ணிச் செய்தலும் எதிர்பாராததை ஏற்றலும் ஒரே நூலில் பகையின்றி இருக்கின்றன.

நவீன உளவியல் இந்த விஷயத்தை அளந்து பார்க்க முயன்றது. 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்' என்று முடிவெடுத்துக்கொள்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் 1990களில் காட்டினார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்கு உறுதியானது. உடற்பயிற்சி, மாத்திரை, மருத்துவப் பரிசோதனை போன்ற தள்ளிப்போடத் தூண்டும் வேலைகளில் இத்தகைய திட்டம் பலன் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இலக்கு ஒன்றாக இருக்கும்வரைதான் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்கிறது. ஒரே சமயத்தில் பல இலக்குகளுக்கு இப்படித் திட்டம் போட்டவர்களுக்கு அந்த நன்மை கரைந்துபோவதை ஏமி டால்ட்டனும் ஸ்டீபன் ஸ்பில்லரும் 2012இல் காட்டினார்கள். எல்லா வேலைகளையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததும், இவ்வளவும் நடக்கிற காரியமா என்ற மலைப்பு வந்துவிடுகிறது.

திட்டமிடுபவர்கள் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்ற இன்னொரு குறையை டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே சுட்டிக்காட்டினர். ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கனடிய மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரி மதிப்பீடு 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றதற்குச் சராசரியாக 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான கணிப்பைக்கூட நடப்பு தாண்டிப் போனது.

மறுதரப்பின் சான்று ஓய்வு நேரத்திலிருந்து வருகிறது. கேப்ரியேலா டொனியெட்டோவும் செலின் மால்கோச்சும் 2016இல் 13 ஆய்வுகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். மகிழ்ச்சிக்காகச் செய்வதை நாள்காட்டியில் மணி குறித்துப் போட்டால் அதுவும் ஒரு வேலைபோலத் தோன்றி, அதில் கிடைக்கும் சுகம் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. தேர்வு நாட்களில் மாணவர்களுக்கு இலவசக் காபியும் பிஸ்கட்டும் தந்த ஒரு சோதனையில், குறித்த மணிக்கு வரச் சொன்னவர்களைவிட, இரண்டு மணி நேர இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் அந்தக் காபியை அதிகம் ரசித்தார்கள். இந்த முடிவைத் 'திட்டமே வேண்டாம்' என்று படிப்பது தவறு. அந்த மாணவர்களிடமும் ஒரு திட்டம் இருந்தது. அதற்குள் கொஞ்சம் காலி இடமும் இருந்தது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்தவை. தனி மனிதர் தன் நேரத்தைத் தானே ஆள்கிறார் என்ற அனுமானத்தின்மேல் நிற்பவை. மாமியாரின் மருந்து வேளையும் பிள்ளையின் டியூஷனும் தண்ணீர் வரும் நேரமும் ஒருவரின் நாளை வகுக்கும் வீட்டுக்கு அந்த அனுமானம் அப்படியே பொருந்தாது. ஆகவே கேள்வியை நாம் அறிந்த இடத்திலேயே வைத்துப் பார்ப்பது நல்லது.

3. பாத்திரத்தில் பாதி

இட்லி மாவு என்பது தள்ளிப்போட்ட முடிவு. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். நான்கைந்து மணி நேர ஊறல், கிரைண்டரில் தனித்தனியே அரைப்பு, உப்புப் போட்டுக் கையால் கரைத்தல், பிறகு இரவு முழுவதும் புளிப்பு. லியூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ் என்ற பாக்டீரியா முன்னின்று மாவைப் பொங்கவைக்கிறது. ஊறப்போட்ட கணத்திலிருந்து முதல் இட்லி வரை ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும். அவசரமாகச் சாப்பிட ஏற்ற பண்டம் என்று பெயர் வாங்கியதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட முன்னேற்பாடு இருக்கிறது.

கரைத்த மாவைப் பாத்திரத்தில் ஊற்றும்போது யாரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. பாதிக்குச் சற்று மேலே நிறுத்திவிடுவார்கள். காலையில் அது எவ்வளவு பொங்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் சென்னையில் ஆறு மணி நேரத்தில் மூடியைத் தள்ளும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். அந்தக் காலி இடம் மறதியால் விடப்பட்டதல்ல. கணிக்க முடியாத ஒன்றுக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற கணிப்பு அதில் இருக்கிறது. டொனியெட்டோவும் மால்கோச்சும் காபியில் கண்ட இரண்டு மணி நேர இடைவெளிக்கு இதுவே சமையலறை வடிவம்.

மாவு எதற்கு என்பதும் அரைக்கும்போது முடிவாவதில்லை. முதல் நாள் பொங்கியிருந்தால் இட்லி. மறுநாள் புளிப்பு ஏறினால் தோசை. மூன்றாம் நாள் இன்னும் புளித்தால் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம், அல்லது தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். பொருளின் நிலை மாற மாற, செய்வதும் மாறுகிறது. வாரத்தின் ஏழு நாளைக்கும் பட்டியல் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுவது நிரல். மாவை அரைத்து வைத்துவிட்டு, காலையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது இருப்பு.

வத்தலும் வடகமும் இதையே இன்னும் நீண்ட காலக் கணக்கில் செய்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் மொட்டைமாடியில் காய்கின்றன. ஐப்பசி அடைமழையில், காய்கறி வண்டி வராத ஒரு நாளில், அவை வத்தல் குழம்பாகின்றன. எந்த நாள் என்று வைகாசியில் தெரியாது. அப்படி ஒரு நாள் வரும் என்று மட்டும் தெரியும். எதிர்காலத்தைப் பற்றி மனிதர் நேர்மையாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

4. புள்ளியும் இழையும்

வாசலில் வேறொரு சான்று கிடைக்கிறது. கோலம் போடத் தெரிந்தவர்கள் ஒரு வடிவத்தை மற்றவருக்குச் சொல்லும் சுருக்கமான மொழி ஒன்று உண்டு: "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி." நடுவில் 15 புள்ளி, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, 8இல் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே விழ வேண்டும். கூட்டினால் 169 புள்ளி. இந்த மூன்று சொற்களோடு திட்டம் முடிகிறது. அந்தப் புள்ளிகளுக்குள் தாமரை வருமா, மயில் வருமா என்று அது சொல்வதில்லை.

சிக்குக் கோலத்தில் விதி இன்னும் கடினம். இழை புள்ளிகளின்மேல் ஏறாமல் அவற்றைச் சுற்றி நெளிய வேண்டும், ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது, தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் எத்தனை வகை சாத்தியம் என்பது கணிதர்களையும் ஈர்த்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோல வடிவங்களை உருவாக்கும் இலக்கணங்களைக் கணினியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாசலில் போடுவது கணினி அறிவியலின் வடிவ இலக்கணக் கோட்பாட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தது.

அண்மைய ஆய்வு ஒன்று நம் கேள்விக்கு நேரடியாகவே உதவுகிறது. ஹான் டிரான், திமோதி வேரிங், சில்கே அட்மாகா, பிரெட் பெஹைம் ஆகியோர் 192 தமிழ்ப் பெண்கள் போட்ட 3,139 கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் சிக்கலை அளந்து 2021இல் வெளியிட்டார்கள். கோலம் பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி நேரவில்லை. சிறிய கோலமோ பெரியதோ, சிக்கலின் அளவு ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றது. எத்தனை வகை நெளிவுகள் பயன்படுத்துவது, அவற்றை எவ்வளவு சமமாகப் பரப்புவது என்ற இரண்டுக்கும் இடையே, தம்மை அறியாமலேயே, கைகள் ஒரு பேரத்தை நடத்துகின்றன. சாதி வேறுபாடு இந்தச் சிக்கலைப் பெரிதாகப் பாதித்ததற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. தனி ரசனை, திறன், செலவிடும் நேரம், நினைவின் எல்லை ஆகியவையே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அந்தப் பேரம் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் குனிந்த கணத்தில் பிறந்ததல்ல. பல ஆண்டுப் பழக்கமும் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்த மாலைகளும் அதற்குள் இருக்கின்றன. இங்கே இருப்பு என்பது மாவுபோல ஒரு பொருளல்ல, கையில் ஊறிய பழக்கம். இழை ஓரிடத்தில் தப்பிப்போனால் பழகிய கை அழிப்பதில்லை. தப்பிய வளைவை ஒரு இதழாக்கி, மற்ற மூன்று பக்கமும் அதையே போட்டுச் சமன்செய்துவிடுகிறது. பழகாத கைக்கு அதே தப்பு ஒரு தப்பாகவே நிற்கும்.

கர்நாடக இசைக் கச்சேரி இதே அமைப்பை மேடையில் வைக்கிறது. வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், விரிவான ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று இன்று வழங்கும் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) போற்றப்படுகிறார். ஆனால் அந்த நிரலுக்குள் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று மனோதர்மத்துக்கென்றே, அதாவது அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனைக்கென்றே, இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்வரம் எங்கு வேண்டுமானாலும் அலையலாம். ஆனால் எடுப்புக்கு, அதாவது பாடல் வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும். இறங்கும் இடம் உறுதியாக இருப்பதால்தான் நடுவில் அலைய முடிகிறது. வயலினும் மிருதங்கமும் ஒத்திகை இல்லாமலேயே கூடவருவது, ராகமும் தாளமும் மூவரிடமும் பொது இருப்பாக இருப்பதால்.

சார்லஸ் லிம்பும் ஆலன் பிரானும் 2008இல் ஜாஸ் பியானோக் கலைஞர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் வாசிக்கவைத்தார்கள். மனோதர்மமாக வாசிக்கும்போது, தன்னைத் தானே கண்காணிக்கும் மூளைப்பகுதிகளின் செயல்பாடு தணிந்ததாகக் கண்டார்கள். கலைஞர்கள் ஆறு பேர்தான் என்பதால் இதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் அந்த ஆறு பேரும் தேர்ந்த வித்துவான்கள் என்பதை மறந்துவிட்டு, 'கட்டுப்பாட்டை விட்டால் படைப்பு வரும்' என்று இதை மேற்கோள் காட்டுவோர் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

5. எவ்வளவு தூரம் முன்னே?

நிரல் எவ்வளவு தூரம் முன்னே நீளலாம் என்பதற்கு இந்திய ரயில்வே அறியாமலேயே ஒரு பெரிய சோதனையை நடத்தியது. 2015 ஏப்ரலில் முன்பதிவுக் காலம் 60 நாளிலிருந்து 120 நாளாக்கப்பட்டது. 2024 நவம்பர் 1 முதல் அது மீண்டும் 60 நாளுக்கே குறைக்கப்பட்டது. 61 நாள் முதல் 120 நாள் முன்பு வரை எடுக்கப்படும் டிக்கெட்டுகளில் ஏறத்தாழ 21 சதவீதம் ரத்தாகின்றன, மேலும் 5 சதவீதத்தினர் ரத்தும் செய்யாமல் பயணமும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்று ரயில்வே அமைச்சகம் காரணம் சொன்னது.

தீபாவளிக்கு ஊர் போக விரும்புபவர் நான்கு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்தது ஆசையால் அல்ல, எடுக்காவிட்டால் கிடைக்காது என்ற பயத்தால். இடம் பற்றாத ஊரில் எல்லோரும் மிக முன்னதாகத் திட்டமிடத் தள்ளப்படுகிறார்கள்; அப்படிப் போட்ட திட்டங்களில் ஒரு பங்கு வீணாகிறது; வீணாகும் பங்கு மற்றவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முன்யோசனை இல்லாதவர்கள் தட்காலில் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள். தன்னெழுச்சிக்கு இங்கே வெளிப்படையான ஒரு விலை உண்டு.

தமிழ் வீடுகளில் தொங்கும் தினசரி காலண்டரோ வேறு வகைத் திட்டம் போடுகிறது. ஒன்றரை மணி நேரம் ராகு காலம், ஒன்றரை மணி நேரம் எமகண்டம் என்று எப்போது தொடங்கக் கூடாது என்பதை அது குறிக்கிறது. அந்த நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். செய்ய வேண்டியதைப் பூட்டாமல், செய்யக் கூடாததை மட்டும் வேலியிட்டு மிச்சத்தைத் திறந்துவிடும் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது.

6. திடீர்: சிலருக்கு விருந்து, சிலருக்கு அடி

இதுவரையான வாதம் நடுத்தர வர்க்க வாதம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்வது நியாயமே. இருப்பு என்பது உள்ளவர்களுக்குத்தானே?

கோயம்பேடு சந்தையிலிருந்து இதற்கு நேரான சான்று இருக்கிறது. செந்தில் முல்லைநாதனும் எல்டர் ஷாஃபிரும் 2013இல் வெளியிட்ட பற்றாக்குறை பற்றிய நூலில் அங்குள்ள சிறு வியாபாரிகளின் கணக்கை விவரித்தார்கள். காலையில் 1,000 ரூபாய்க்குக் காய் அல்லது பழம் கொள்முதல். மாலையில் 1,100 ரூபாய். கடன் வாங்கி முதல் போட்டவருக்கு ஒரு நாள் வட்டி 5 சதவீதம். லாபம் 100 ரூபாயில் பாதி வட்டிக்கே போய்விடும். தினமும் 5 ரூபாய் குறைவாகக் கடன் வாங்கினால், வட்டி மிச்சமும் அதோடு சேர, சுமார் 50 நாளில் அவர் கடனே வாங்க வேண்டியிராது. கணக்கு இவ்வளவு எளிது. அப்படியும் பலர் ஆண்டுக்கணக்கில் அந்தச் சுழலிலேயே இருந்தார்கள்.

இதைத் திட்டமிடத் தெரியாமை என்று விளக்குவது எளிது. டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் அந்த விளக்கத்தைச் சோதித்தார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் சிலரின் கடனை முழுவதுமாக அடைத்தார்கள். சிலருக்கு நிதிப் பயிற்சியும் தந்தார்கள். அப்படியும் பெரும்பாலோர் சில காலத்தில் மீண்டும் கடனுக்கே திரும்பினர். வறுமை மனத்தின் கவனத்தையே குறுக்கிவிடுகிறது என்று முல்லைநாதனும் ஷாஃபிரும் வாதிடுகிறார்கள். அந்த உளவியல் விளக்கம் முழுதும் சரியா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் மற்றொரு காரணம் எளிமையானது, ஏற்கத்தக்கது: கையில் உபரி இல்லை. ஒரு காய்ச்சல், ஒரு சாவு, ஒரு சடங்கு போதும். தொட்டியின் அடி தெரிந்துவிடும்.

வத்தல் டப்பா நிரம்பிய வீட்டுக்குத் திடீர் என்பது ஒரு விருந்தாளி. 5 சதவீத நாள்வட்டியில் ஓடும் வீட்டுக்கு அதே திடீர் ஒரு அடி. போகிற போக்கில் வாழ்கிறார் என்று அந்த வியாபாரியைச் சொல்பவர்கள், விடிவதற்குள் சந்தையில் நிற்கும் அவருடைய நிரல் எவ்வளவு இறுக்கமானது என்று பார்ப்பதில்லை. நிரல் முழுதும் இருக்கிறது, இருப்பு இல்லை. திட்டமிடும் வாழ்வின் மிகக் கடுமையான வடிவம் அதுவே.

7. யார் ஊறப்போட்டது?

வீட்டுக்குள்ளும் ஒரு பாகுபாடு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் இது முறையே 289, 88. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆனது.

நிமிடங்களில் அடங்காத வேலையை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019இல் பகுத்துக் காட்டினார். 35 தம்பதியரிடம் தனித்தனியாக நீண்ட நேர்காணல் எடுத்து, வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்னுணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கண்காணித்தல். முடிவெடுப்பதில் கணவரும் மனைவியும் ஏறக்குறையச் சமமாக இருந்தனர். முன்னுணர்தலும் கண்காணித்தலும் பெரும்பாலும் பெண்ணிடமே இருந்தன.

இந்தப் பகுப்பை முதல் காட்சியோடு பொருத்திப் பார்த்தால் தெளிவு கிடைக்கிறது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பது முடிவு. அது கூடத்திலிருந்து, தாராளமாக, ஒரு நொடியில் வந்தது. மாவு தீரப்போகிறது, இன்றே ஊறப்போட வேண்டும் என்பது முன்னுணர்தல். அது முந்தைய நாள், யார் காதிலும் விழாமல் நடந்தது. தன்னெழுச்சியின் புகழ் முதல் குரலுக்குப் போகிறது, அதன் செலவு இரண்டாமவர் கணக்கில் எழுதப்படுகிறது. ஒரு வீட்டில் ஒருவர் 'எனக்கு இந்தப் பிளானெல்லாம் பிடிக்காது' என்று சொல்ல முடிகிறதென்றால், இன்னொருவர் அவருக்கும் சேர்த்துத் திட்டமிடுகிறார் என்று ஐயப்படலாம்.

8. வரம்புகள்

இருப்பை உயர்த்திப் பேசுவதற்கும் எல்லை உண்டு. ஒரு தவறு உயிரைக் கேட்கும் இடங்களில் நிரலே முதன்மை. அறுவை சிகிச்சைக்கு முன் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் கனடாவின் ஒண்டாரியோவில் அதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று 2014இல் மற்றொரு ஆய்வு கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காகிதத்தில் இருக்கும் நிரலுக்கும் அதைப் பழக்கமாக ஏற்ற குழுவுக்கும் உள்ள தூரம் புலப்படும். நிரலும் தன் பலனுக்கு ஓர் இருப்பை நம்பியே இருக்கிறது.

இன்னொரு எல்லை, இருப்பு இடம் மாறக்கூடியது. இன்று தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது. அரைக்கும் உழைப்பு வீட்டைவிட்டுத் தொழிற்கூடத்துக்குப் போய்விட்டது; பல பெண்களுக்கு இது உண்மையான விடுதலை. ஆனால் பாக்கெட் தீர்ந்ததைக் கவனிக்கும் வேலை இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. கடையால் அரைத்துத் தர முடியும், நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

9. முடிவு

திட்டமா தன்னெழுச்சியா என்ற தராசைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்பது பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. எந்தக் காரியங்களுக்கு நிரல் தேவை? எவற்றுக்கு இருப்பும் காலி இடமும் போதும்? அந்த இருப்பைச் சேர்ப்பவர் யார், அதன் பலனை நுகர்பவர் யார்? முதல் இரண்டுக்கும் ஆய்வுகளிலிருந்து ஓரளவு பதில் கிடைக்கிறது: தள்ளிப்போடும் கடமைக்கும் உயிர் சார்ந்த செயலுக்கும் நிரல்; மகிழ்ச்சிக்கும் உறவுக்கும் கலைக்கும் இருப்பு. மூன்றாவது கேள்விக்கான பதில் இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

நம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒருவரின் நாளை அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை அரை மணி அரை மணியாகப் பிரித்துப் பதிகிறது. சமைத்தது அதில் ஏறும், பரிமாறியது ஏறும், விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்ததும் ஏறும். நாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டது எந்தக் கட்டத்திலும் ஏறாது.